மூன்றாவது சூடம்

“பக்கத்துல ஒரு பொண்ணுதாங்க இருக்கு. ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத முகம். நீங்க கவலைப்படாதீங்க.”

ரயில் கிளம்பும்போது நீங்கள் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது அக்கா. ஒட்டுக்கேட்கவில்லை. நான் யார் பேசுவதையும் ஒட்டுக்கேட்பதில்லை. ஆனால் விழுவது விழத்தானே செய்யும். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே வருத்தமாகிவிட்டது. ஏனென்றால் இதே முகத்தை தினமும் மேஜைக்கு எதிரில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர்தான் எனக்கு அப்படி ஒரு துரோகத்தைச் செய்தார். முகத்தைப் பார்த்தாவது இரக்கம் வந்திருக்க வேண்டாமா?

நான் பொதுவாகப் பேசமாட்டேன். கல்லூரியில் எனக்கு ‘ஊமைக்கோதை’ என்று பெயர். பூங்கோதை என் பெயர். நாளைக்குக் கோவாவில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டும். என் வரைபடத்தைப் பெரிய திரையில் போடுவார்கள். நன்றாக வந்துகொண்டிருக்கிற கோடு, ஆகஸ்ட் மாதத்தில் சட்டென்று நின்றுவிடும். அதற்கப்புறம் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. ஏன் என்று யாராவது கேட்பார்கள். அங்கே என்னால் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் முறுக்கைச் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

தென்துருவப் பக்கம், அண்டார்டிகாவில், நம் நாட்டு ஆய்வு நிலையம் ஒன்றில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தேன். ஆமாம், பனிதான். எங்கே பார்த்தாலும் பனிதான். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். என் வேலை காற்றில் இருக்கிற தூசை அளப்பது. கண்ணுக்குத் தெரியாத தூசு. நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி எனக்கென்று ஒரு சின்னக் குடில். அதன் கூரையில் ஒரு குழாய். குழாய் வெளிக்காற்றை இழுத்து ஓர் இருட்டுப் பெட்டிக்குள் விடும். உள்ளே ஒரு விளக்கு எரியும். காற்றில் தூசு இருந்தால் வெளிச்சம் பட்டுச் சிதறும். வீட்டில் ஜன்னல் வழியாக வெயில் வரும்போது தூசு மினுங்குகிறது இல்லையா, அதேதான். எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு தூசு. தூசே இல்லையென்றால் பெட்டி இருட்டாகவே இருக்கும். சுத்தம் என்றால் இருட்டு. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

அந்தக் காற்றைப் போல சுத்தமான காற்று இந்தப் பூமியில் வேறெங்கேயும் இல்லை அக்கா. அதனால் ஒரு கெடுதல். தூரத்தில் யாராவது ஒரு சிகரெட் பிடித்தால்கூடப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். அங்கே காற்று பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்துதான் அடிக்கும். அந்தப் பக்கத்தில் மூங்கில் கழிகள் நட்டு, சிவப்புக் கொடி கட்டிவைத்தேன். கொடிக்கு அந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது. வண்டி வரக் கூடாது, நெருப்பு கூடவே கூடாது. நான் மட்டும் போகலாம். பெருமைக்காகச் சொல்லவில்லை, விதி அப்படி.

ஜெனரேட்டர் புகை திசை மாறி வந்து கலந்துவிட்ட நேரங்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் சமையல்காரர் சோலையப்பண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “என்னத்தா இது, வாயில நுழையாத பேரு. தீட்டுன்னு சொல்லிட்டுப் போ” என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அது தீட்டுதான். கணினியிலும் அப்படியே குறித்துவைத்தேன். விளையாட்டாகத்தான். மற்றபடி எங்கள் வீட்டில் தீட்டு கீட்டெல்லாம் பார்ப்பதே இல்லை அக்கா. வீட்டுவேலை செய்கிற அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறது. ஆனால் அது அவர்களே கேட்டு வாங்கியது.

அங்கே தமிழ் ஆட்கள் மூன்றே பேர். நான், சோலையப்பண்ணன், மூன்றாவது மாசிலாமணி அண்ணன். பனியில் ஓடுகிற சங்கிலிச் சக்கர வண்டிகளுக்கு மெக்கானிக். ஆவடிக்காரர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது சௌகரியமாக இருந்தது என்று நினைக்கிறேன். தலைவர் குருப் சார், கொல்லத்துக்காரர், நல்ல தமிழ் பேசுவார். மற்றவர்கள் எல்லாம் இந்திக்காரர்கள், அவர்களை விடுங்கள்.

குளிர்காலம் முழுக்க அங்கே கப்பல் வராது, விமானம் வராது. என்ன நடந்தாலும் இருந்தாக வேண்டும். ஜூலைக் கடைசியில் மாசிலாமணி அண்ணனின் மகள் இறந்துபோனாள். டெங்கு. செவ்வந்தி என்று பெயர், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பெண்.

ஐயோ என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன் அக்கா. சாப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தோம். அவர் தம்பி சுடுகாட்டிலிருந்து வீடியோவில் காட்டினார். நம் ஊரில் கிடைக்கிற மாதிரி அங்கே இணையம் கிடைக்காது. பாதியில் படம் உறைந்து நின்றுவிட்டது. யாரோ ஒருவர் முதுகு, ஒரு குடத்தின் விளிம்பு, அவ்வளவுதான் தெரிந்தது. அண்ணன் போனைக் கீழே வைக்காமல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில்தான் இருந்தேன். நான் எல்லாவற்றையும் கவனிப்பேன். மறுநாளிலிருந்து டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார். அதையும் கவனித்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

அந்த வாரத்தில்தான் என் கோட்டில் ஒரு முள் வர ஆரம்பித்தது.

ஆமாம், முள் மாதிரி. கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு குத்து, உடனே இறங்கிவிடும். தினமும் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். அப்போதுதான் சூரியன் திரும்பி வர ஆரம்பித்திருந்தது. மதியம் கொஞ்ச நேரம் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் யாரோ கொடிக்கு அந்தப் பக்கம் போய் எதையோ கொளுத்துகிறார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குளிர்காலம்தான் என் ஆராய்ச்சிப் பட்டம். தினமும், வழி தவறாமல் இருக்கக் கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் போய், குழாய் வாயில் படிந்த பனியைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் துடைத்துவிட்டு வருகிறவள் நான். மூச்சுக்கூடக் குழாய்ப் பக்கம் விடமாட்டேன்.

யாரென்று கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மாசிலாமணி அண்ணன் ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். கட்டைவிரல் நகத்தில் கரி. மெக்கானிக் கையில் கரி இல்லாமலா என்பீர்கள். இது கிரீஸ் கரி இல்லை. அந்த விரலில் சூடம் மணத்தது.

ஆயுத பூஜைக்கு வண்டிகளுக்குக் காட்ட அவர் ஒரு டப்பா சூடம் கொண்டுவந்திருந்தார். மனைவி கட்டிக் கொடுத்தது. அதைத்தான் மகளுக்காக ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் நேரே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. அதனால் வரைபடத்தை அச்சடித்துச் சாப்பாட்டு அறைப் பலகையில் குத்திவைத்தேன். ஒவ்வொரு முள்ளையும் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘தீட்டு’ என்று எழுதினேன். பெயர் எழுதவே இல்லை அக்கா. பெயர் எழுதியிருந்தால் தப்பு. நான் எழுதவில்லை.

சோலையப்பண்ணன்தான் கரண்டியும் கையுமாக வந்து பார்த்தார். “இதென்னத்தா, தினமும் சோத்து நேரத்துக்குத் தீட்டு வருது?”

“யாரோ எதையோ கொளுத்தறாங்க அண்ணே. யாருன்னு எனக்குத் தெரியாது” என்றேன். சொல்லிவிட்டு மாசிலாமணி அண்ணனின் கையைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன். எல்லோரும் அங்கே பார்த்தார்கள்.

சோலையப்பண்ணன் சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. “அட, பேரு மாசிலாமணி, பார்க்கிற வேலை மாசுமணியா!”

தமிழ் தெரியாதவர்களுக்கும் அதை விளக்கிச் சொன்னார். மாசு இல்லாத மணி என்று பெயர் வைத்துக்கொண்டு மாசு பண்ணுகிறார் என்று. அவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு ‘மாசு’ என்றே பெயர். இந்திக்காரர்கள்கூட “மாசு பாய்” என்று கூப்பிட்டார்கள். அவரும் சிரிப்பார். குடில் கதவுக்கு வெளியே நின்று, “மாசு வந்திருக்கேன் மேடம், ஹீட்டர் ரிப்பேருன்னீங்களே, உள்ள வரலாமா?” என்பார். அவரே சொல்லிச் சிரிக்கிறார் என்றால் அவருக்கு எப்படி மனசு கஷ்டப்பட்டிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் சூடம் ஏற்றுவதை நிறுத்தவில்லை. மறுநாளும் முள். அதற்கு மறுநாளும்.

குருப் சார் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“மாசிலாமணி, எந்தா இது?”

“தினம் ஒரு கட்டி சார். பதினாறாம் நாள் வரைக்கும்தான். நான்தான் சார் கொள்ளி வச்சிருக்கணும். அதுக்கு முடியல. இதாவது செய்யறேன்.”

“உள்ளே தீ கூடாதுன்னு தெரியுமல்லோ?”

“தெரியும் சார். அதான் வெளிய போறேன். அந்தப் பக்கம் டீசல் டேங்க், அங்க ஏத்த முடியாது. மேடம் பக்கம்தான் இருக்கு. எனக்கு வேற எடம் எங்க சார்? நீங்க ஒரு எடம் காட்டுங்க, அங்க போறேன்.”

குருப் சார் என்னைப் பார்த்தார். “கோதை, ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம். அதைக் கழிச்சாப் போதாதா? ஜெனரேட்டர் புகையைக் கழிக்கிற மாதிரி?”

போதும்தான். கணக்குப்படி அது ஒன்றுமே இல்லை. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது இல்லையா? இன்றைக்கு இவருக்கு விட்டால் நாளைக்கு இன்னொருவர் வருவார். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. எனக்கு அழுகை மட்டும் வந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேச்சு வருகிற இடத்தில் அழுகை வந்துவிடும். அழுகிற பெண்ணை என்ன செய்வதென்று குருப் சாருக்குத் தெரியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்தார். கடைசியில் மாசிலாமணி அண்ணனிடம், “டப்பாவைக் கொடுத்துடு. இனி வேண்டாம்” என்றார்.

அண்ணன் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பத்திரமாக இருக்க வேண்டும் என்று குருப் சார் அதை என்னிடமே கொடுத்தார். பூட்டு இருக்கிற அலமாரி என் குடிலில்தான் இருந்தது.

அழாதீங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணன். அதற்காக நான் இன்றைக்கும் அவரை மதிக்கிறேன்.

அப்புறம் முள் வரவில்லை. கோடு பழையபடி தரையோடு தரையாகப் போனது. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க என்னவோ வெறிச்சென்று இருந்தது. நான் அந்தப் பழைய முட்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா, அவ்வளவு அழகு! எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது, அந்தக் குளிரில் புகை எப்படிக் கரைந்துபோகிறது, எல்லாம் அதில் இருந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். இது தனியாகவே ஒரு கட்டுரை ஆகும் என்று பதில் போட்டார். ஆனால் எவ்வளவு எரிந்தது, எவ்வளவு தூரத்தில் எரிந்தது என்று சரியாகத் தெரிய வேண்டும். அளந்து, எடை போட்டு, நீயே செய் என்றார்.

சூடம் என் அலமாரியில்தானே இருந்தது.

ஏன் முறுக்கை மூடி வைத்துவிட்டீர்கள்? எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்.

குருப் சாரிடம் அனுமதி வாங்கினேன். ஆராய்ச்சிக்கு என்றால் நெருப்பு பற்ற வைக்கலாம், அதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. மதியம், காற்று சீராக இருக்கும்போது, சின்னத் தகர டின்னில் வைத்துக் கொளுத்துவேன். முதலில் பக்கத்தில், அப்புறம் கொஞ்சம் தள்ளி, அப்புறம் இன்னும் தள்ளி. ஒவ்வொரு தூரத்திலும் மூன்று தடவை. மூன்று தடவை செய்தால்தான் அது ஆராய்ச்சி. ஒரு தடவை செய்தால் அது சும்மா கொளுத்துவதுதான்.

மாசிலாமணி அண்ணன் வண்டிக் கொட்டகை வாசலில் நின்று பார்ப்பார். அவர் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். கையசைப்பேன். அவரும் அசைப்பார். ஒரு நாள் சாப்பாட்டு அறையில் கேட்டார், “மேடம், இப்ப நீங்க கொளுத்தறது மட்டும் தீட்டு இல்லையா?”

நல்ல கேள்வி என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படிக்காதவர்கள் இப்படிக் கேட்பது அபூர்வம். “இல்லண்ணா. எவ்வளவுன்னு தெரிஞ்சு செஞ்சா அது தீட்டு இல்ல, அது அளவு” என்று விளக்கினேன். தலையை ஆட்டினார்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் குடிலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“மேடம், நாளைக்குப் பதினாறு. ஊர்ல காரியம். ஒரே ஒரு கட்டி கொடுத்தீங்கன்னா போதும். சார்கிட்ட நான் கேட்டுக்கறேன். நீங்க சொல்ற எடத்துல ஏத்தறேன்.”

டப்பாவில் மூன்று கட்டிதான் இருந்தது அக்கா. கடைசித் தூரம் பாக்கி. அதற்கு மூன்று வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டால் அந்தத் தூரம் முழுக்க வீண். அவருக்குச் சூடம்தான் வேண்டும் என்று இல்லை. மெழுகுவர்த்தி இருந்தது, ஆனால் அதுவும் நெருப்புத்தான், அதற்கும் இடம் கிடையாது. எனக்கு இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. நின்று யோசித்தேன். அப்போதுதான் தோன்றியது.

“அண்ணா, இப்படிச் செய்யலாமே. நாளைக்கு நான் எப்படியும் மூணு கட்டி ஏத்தப் போறேன். நீங்க அப்ப வந்து நின்னு கும்பிட்டுக்கங்க. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுடும்.”

அவர் கொடிகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எங்க நிக்கணும் மேடம்?” என்றார்.

கொடிக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்தைக் காட்டினேன். அவர் உடம்பு காற்றை மறைக்கக் கூடாது இல்லையா? நடந்தால் பனித்தூள் வேறு கிளம்பும். “இங்கேர்ந்து அசையாம நின்னா போதும். எல்லாம் நல்லாத் தெரியும்” என்றேன். எனக்கே என்னை நினைத்து நிறைவாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டார். குளித்திருந்தார். அங்கே தண்ணீர் முறை வைத்துத்தான் கிடைக்கும், யாரிடமோ முறையைக் கடன் கேட்டு வாங்கியிருந்தார். முகம் மழித்திருந்தார். கையில் ஒரு தட்டு. சோலையப்பண்ணன் சோறும் ஒரு வடையும் செய்து கொடுத்திருந்தார்.

“இது எங்க வைக்கட்டும் மேடம்?”

“கீழ வைக்கக் கூடாதுண்ணா. இங்க பனில ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. எல்லா நாடும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம்.”

“சரி, கைலயே வச்சுக்கறேன்.”

அப்படியே வைத்துக்கொண்டார். நான் டின்னை எடுத்துக்கொண்டு கொடிகளைத் தாண்டி நடந்தேன். முதல் கட்டியை வைத்துப் பற்ற வைத்தேன். காற்றில் பாதியிலேயே அணைந்தது. பரவாயில்லை, குறித்துக்கொண்டேன். இரண்டாவது நன்றாகப் பிடித்தது. அவர் தட்டோடு கையைத் தூக்கினார், வாயில் ஏதோ சொன்னார், ஒரு அடி முன்னால் வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நின்றுவிட்டார். நல்ல மனுஷர், சொன்னால் கேட்பார்.

அங்கிருந்தே கத்திக் கேட்டார். “மேடம்! மூணு ஏத்தறீங்களே, நான் எதுக்குக் கும்பிடணும்?”

“மூணாவதுக்குக் கும்பிடுங்கண்ணா! மொத ரெண்டும் சரியில்லன்னா நான் கழிச்சிடுவேன்!”

மூன்றாவதைப் பற்ற வைத்தேன். காற்று அந்த நேரம் பார்த்து சீராக அடித்தது. சுடர் சாய்ந்து எரிந்தது. புகை நேராகக் குடிலைப் பார்த்துப் போனது. இதைவிட நன்றாக ஒன்று அமையாது. அவர் கும்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் திரும்பினேன். அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தட்டில் சோறு கல்லாக உறைந்திருந்தது.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார். “உள்ள வாங்கண்ணா, எப்படி வந்திருக்குன்னு பாருங்க” என்று கூப்பிட்டேன். ரிப்பேர் வேலை இல்லாமல் நான் யாரையும் குடிலுக்குள் கூப்பிட்டதே கிடையாது. பூட்ஸை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

திரையில் காட்டினேன். “இது மொதலாவது, குட்டை. இது ரெண்டாவது. இதோ, இதுதான் உங்களது.”

அவர் குனிந்து பார்த்தார். விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தொடவில்லை.

“இதுவா?”

“இதுதாண்ணா. எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க. ரெண்டே நிமிஷம், பழையபடி சுத்தமாயிடுச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி.”

“ஒண்ணுமே நடக்காத மாதிரி” என்றார்.

“ஆமாண்ணா.”

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், “ரொம்பப் புகை வந்தா இது என்ன பண்ணும் மேடம்?”

அவருக்கு இதில் ஆர்வம் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் வந்தால் அளக்கும், நிறைய வந்தால் திணறும், ரொம்ப நேரம் வந்துகொண்டே இருந்தால் உள்ளே கண்ணாடியெல்லாம் கரி படிந்துவிடும், அப்புறம் சுத்தமான காற்றைக் காட்டினால்கூட அழுக்கு என்றுதான் சொல்லும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அங்கே வசதி கிடையாது, கப்பல் வந்து ஊருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு மெக்கானிக்குக்குச் சொல்கிற மாதிரி, புரிகிற மாதிரி சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

“பாவம்” என்றார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. பெட்டியைத்தான் சொல்லியிருப்பார்.

ரொம்ப நன்றி மேடம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். உறைந்த தட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

நானும் சாப்பாட்டு அறைக்குப் போனேன். நல்ல பசி. வேலை முடிந்த பசி. சோலையப்பண்ணன் சாம்பார் ஊற்றிக்கொண்டே, “காரியம் நல்லபடியா முடிஞ்சுதாத்தா?” என்றார். “நல்லா முடிஞ்சுதண்ணே, மூணாவது ரொம்ப நல்லா வந்துச்சு” என்றேன். அவர் கரண்டியோடு ஒரு நிமிஷம் நின்றார், அப்புறம் அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டார்.

வண்டிக் கொட்டகையிலிருந்து பெரிய வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தண்ணீர் எடுக்க ஏரிக்குப் போகிறார் என்று நினைத்தேன். சத்தம் ஏரிப் பக்கம் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மூங்கில் முறிகிறது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்காது. வண்டி என் குழாய்க்குக் காற்று வருகிற பக்கம் போய், புகைக்குழாய் குடிலைப் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் எடுத்து, நேராக்கி நின்றது. கறுப்பாகப் புகை எழுந்து, காற்றில் சாய்ந்து, குடிலின் மேல் போய்ப் படுத்தது. நான் எழுந்து நின்றேன். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு அழுகைதான் வந்தது. குருப் சார் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தட்டில் இருந்த அப்பளத்தை உடைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை அக்கா. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

மாசிலாமணி அண்ணன் இறங்கினார். இஞ்சினை அணைக்கவில்லை. கதவைப் பூட்டினார். முறிந்த கொடிகளுக்கு நடுவில் நிதானமாக நடந்து வந்தார். உள்ளே வந்து பனி அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கை கழுவினார், சோலையப்பண்ணனிடம் தட்டை நீட்டிச் சோறு வாங்கிக்கொண்டார். எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, வண்டிக் கதவின் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானை மாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.